கூடிப் பயில்வோம், கூடி நகைப்போம்!

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நாம் பள்ளிப் பருவம் முதல் கேட்டு வரும் பழமொழி. உடலைப் பேணுங்கள் என்று சொல்லாத ஆசிரியரும் இல்லை. அதைப் பற்றிக் கட்டுரை வெளியிடாத ஆண்டு மலரும் இல்லை. ஆயினும் உடற்பயிற்சியைத் தொடங்கியவர்களுள் எத்தனை பேர் அதைத் தொடர்கிறார்கள்? பொங்கல் கழிந்த மறுநாள் ஓடத் தொடங்கிய நண்பர், மாசி பிறப்பதற்குள் ஓட்டக் காலணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். பனி, தூக்கமின்மை, பருவத் தேர்வு என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

அவருக்கு மன உறுதி இல்லை என்று பழிப்பது எளிது. ஆனால் அதே மனிதர், அதே அளவு மன உறுதியோடு, காலையில் கூடும் ஒரு வகுப்பில் இருபது பேரோடு சேர்ந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் தவறாமல் வருகிறாரே, அது எப்படி?

என் விடை இதுதான். காலை உடற்பயிற்சி வகுப்பை உயிரோடு வைத்திருப்பவை அங்கே விளையும் நட்பும் நகைச்சுவையும். அவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. ஒழுங்குக் குறைவு என்று முகம் சுளிப்போரும் உண்டு. நானோ அவற்றையே அவ்வகுப்பின் முதுகெலும்பு என்பேன். முதுகெலும்பு என்றால் அது வளையாமலும் நோகாமலும் காக்கப்பட வேண்டும் அன்றோ? அந்தப் பொறுப்பைப் பற்றியும் இங்குச் சில சொல்ல விழைகிறேன்.

வரிசை பழகிய ஊர்

வரிசையில் நிற்பது ஆவடிக்குப் புதிதன்று. 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கி அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. படைவீரர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. விமானப் படை நிலையம், மத்திய ரிசர்வ் காவல் படையின் முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் என்று சீருடை அணிந்த ஊர் இது. விடியற்காலையில் கவாத்து ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள்.

கவாத்தில் சிரிப்புக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. கட்டளை பிறந்தால் கால் நகர வேண்டும். அது நாட்டைக் காக்கும் பயிற்சி. அதன் இலக்கணம் வேறு. ஆனால் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019இல் பசுமைப் பூங்கா திறக்கப்பட்டபோதும், குடியிருப்புப் பகுதிகளின் திடல்களில் பொதுமக்கள் விரிப்புகளோடு வந்து கூடும்போதும், இவ்வூருக்கு மற்றொரு வகை வரிசை அறிமுகமாகிறது. இந்த வரிசையில் தோளில் பட்டை கிடையாது. முன்னால் நிற்பவர் உயர்ந்தவரும் அல்லர். பின்னால் நிற்பவர் தாழ்ந்தவரும் அல்லர். குனிந்து கால் விரலைத் தொடுங்கள் என்று மாஸ்டர் சொல்கிறார். ஓய்வு பெற்ற மேலாளரின் கையும் முழங்காலோடு நின்றுவிடுகிறது. ஓய்வு பெற்ற ஃபிட்டரின் கையும் முழங்காலோடு நின்றுவிடுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் தலைகீழாகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் ஒரே மதிற்சுவருக்குள் வேலை பார்த்தும் அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்திருக்க மாட்டார்கள்.

1955 சனவரியில் காங்கிரசு மாநாடு இவ்வூரில்தான் கூடியது. சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அத்தீர்மானம் நாட்டில் எந்த அளவுக்குச் செயலாயிற்று என்பதை வரலாற்றுத் துறை நண்பர்கள் ஆராயட்டும். காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை, ஒரு திடலின் அளவுக்காவது அது செயலாகிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

ஒரு கேள்வியின் மருத்துவம்

இந்த வகுப்புகளில் கிடைக்கும் மிகச் சிறந்த மருந்து எது? மூச்சுப் பயிற்சி என்பார் சிலர். முதுகு வளைக்கும் பயிற்சி என்பார் சிலர். "என்ன சார், நேத்து ஆளையே காணோம்?" என்ற கேள்விதான் அந்த மருந்து என்பது என் கருத்து.

எண்ணிப் பாருங்கள். ஒருவர் தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரம் பார்த்து முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அறுபது வயது முடிந்த நாளில் மாலையும் சால்வையும் போட்டு வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறார்கள். மறுநாள் காலை சங்கு ஊதுகிறது. ஆனால் அது அவருக்காக ஊதவில்லை. உடன் வேலை செய்தவர்கள் சிலர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். தொலைக்காட்சி பேசுகிறது, ஆனால் அது "நேற்று ஏன் காணோம்" என்று கேட்பதில்லை.

ஓர் இல்லத்தரசியின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் சோறு கட்டிக் கொடுப்பவர் அவர். தெருவில் அவரை இன்னார் அம்மா என்றும், இன்னார் வீட்டுக்காரம்மா என்றும் அழைக்கிறார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழைப்பார் எவருமில்லை. காலை வகுப்பின் வருகைப் பதிவேட்டில்தான், பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் தம் பெயரைத் தாமே எழுதுகிறார். பக்கத்து விரிப்பில் இருப்பவர் அப்பெயரோடு ‘அக்கா’ சேர்த்துக் கூப்பிடுகிறார். இது சிறிய செய்தியா?

தனிமை ஒரு சிறிய நோயன்று என்பதை உலகமே இப்போது உணரத் தொடங்கியிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2025 சூனில் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களுள் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் வாடுவதாகச் சொல்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் தனிமையோடு தொடர்புடையவை என்றும் அது கணக்கிடுகிறது. இளைஞரும் இதில் மிகுதியாக இருக்கிறார்கள் என்பது நம்மைப் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆய்வு சொல்வது என்ன?

கூடிச் செய்வதால் உடலுக்கே நன்மை மிகுமா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் படகு வலிக்கும் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2009இல் வெளிவந்தது. அதே வீரர்கள், அதே பொறியில், அதே அளவு நேரம் ஒரு முறை தனியாக வலித்தார்கள். மற்றொரு முறை குழுவாக, ஒரே தாளத்தில் வலித்தார்கள். பயிற்சிக்குப் பின் அவர்களால் எவ்வளவு வலியைப் பொறுக்க முடிகிறது என்று அளந்தபோது, கூடி வலித்த பிறகு பொறுக்கும் ஆற்றல் மிகுதியாக இருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்பின் என்னும் பொருளே காரணம் என்பது அவர்கள் கருத்து. அவ்வாய்வில் பங்கு கொண்ட ராபின் டன்பார் என்னும் அறிஞரும் துணைவர்களும் 2011இல் மற்றொன்றும் கண்டார்கள். பிறரோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கும் வலி தாங்கும் ஆற்றல் உயர்ந்தது. அப்படியானால் கூடிப் பயின்று கூடிச் சிரிப்பவர்க்கு இரட்டை ஊதியம் கிடைக்கிறது எனலாம்.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் பிரோவைன் சிரிப்பையே தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர். தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகச் சிரிக்கிறார்கள் என்றும், அச்சிரிப்பில் பெரும்பகுதி நகைச்சுவைத் துணுக்குகளுக்காக எழுவதன்று என்றும் அவர் கண்டார். "சரி, போயிட்டு வரேன்" என்ற சாதாரணப் பேச்சிலும் மனிதர் சிரிக்கிறார்கள். துணுக்கைவிடத் துணைதான் அதற்குக் காரணம்.

நாடுகள் கண்ட வழி

சப்பான் நாட்டில் 1928ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. போருக்குப் பின் சில ஆண்டுகள் நின்றுபோய், 1951இல் புதிய வடிவில் மீண்டும் வந்தது. காலையில் வானொலியில் பியானோ இசை எழும். அதற்கேற்ப மக்கள் கை கால்களை அசைப்பார்கள். வானொலி வீட்டுக்குள்ளேயே கேட்கும். இருந்தும் ஏராளமானோர் பூங்காவுக்கும் பள்ளித் திடலுக்கும் வந்து கூடிச் செய்கிறார்கள். கோடை விடுமுறையில் அங்கு வரும் சிறுவர் சிறுமியர்க்கு அட்டையில் நாள்தோறும் முத்திரை குத்தித் தரும் வழக்கமும் உண்டு. பாட்டன் பயிற்சிக்காக வருகிறார். பேரன் முத்திரைக்காக வருகிறான். இருவரும் சேர்ந்தே வீடு திரும்புகிறார்கள்.

நம் தமிழகத்தில் வேதாத்திரி மகரிஷியை நினைவுகூர வேண்டும். கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவிய அவர், எளியமுறை உடற்பயிற்சி என்று ஒன்றை வகுத்தார். கைப்பயிற்சியில் தொடங்கி உடல் தளர்த்தலில் முடியும் ஒன்பது பகுதிகள் கொண்ட அதை மனவளக்கலை மன்றங்களில் கற்பிக்கிறார்கள். அங்கே ஒருவரை ஒருவர் ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்திக்கொள்வது வழக்கம். பயிற்சிக்கு முன் வாழ்த்து என்பது ஆழ்ந்த அறிவு. பக்கத்தில் இருப்பவரை நாள்தோறும் வாழ்த்திவிட்டு அவரை அயலாராகவே வைத்திருப்பது யாருக்கும் இயலாது. உடல் தளர்த்தல் பயிற்சியில் கண்ணை மூடிப் படுத்தவுடன் மூலையிலிருந்து ஒரு குறட்டை கிளம்பும். முதலில் ஒருவர் அடக்கிக்கொண்டு குலுங்குவார், பிறகு வகுப்பே குலுங்கும், குறட்டைக்காரர் விழித்து, "யாருங்க அது குறட்டை விட்டது?" என்று கேட்பார். இது நடவாத காலை வகுப்பு உலகில் இராது.

மும்பையில் மருத்துவர் மதன் கட்டாரியா 1995 மார்ச் 13ஆம் நாள் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு சிரிப்பு மன்றம் தொடங்கினார். முதலில் ஒவ்வொருவராக நடுவில் நின்று துணுக்குகள் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டே வாரங்களில் நல்ல துணுக்குகள் தீர்ந்துவிட்டன. பிறகு வந்தவை பிறர் மனத்தைப் புண்படுத்துபவை. உறுப்பினர் சிலர் முறையிட்டனர். எனவே துணுக்கையே விட்டுவிட்டு, காரணமின்றிச் சிரிக்கும் பயிற்சியை அவர் வகுத்தார். அது இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது.

காரணமின்றிச் சிரிப்பது செயற்கை என்று கேலி செய்வோருடன் நான் சேர மாட்டேன். முதல் பத்து நொடிகள் செயற்கையாகத் தொடங்கிய சிரிப்பு, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்ததும் இயற்கையாகிவிடுகிறது. ஆனால் அம்மன்றத்தின் முதல் இரண்டு வாரங்கள் நமக்கொரு பாடம் சொல்கின்றன. எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பன்று.

எந்தச் சிரிப்பு?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையை முதலில் வைத்தார். உள்ளத்தில் எழுவது உடலில் தோன்றுவதே மெய்ப்பாடு. ஆகவே நகைப்பும் ஒரு வகையில் உடற்பயிற்சிதான்! அந்நகை பிறக்கும் இடங்களாக அவர் நான்கைக் கூறினார். இளமையும் பேதைமையும் மடனும் அவற்றுள் மூன்று. மற்றொன்று எள்ளல்.

முதல் மூன்றும் காலை வகுப்பில் தாராளமாகக் கிடைக்கும். அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒற்றைக் காலில் நிற்க முயன்று, தள்ளாடி, தாமே கைகொட்டிச் சிரிப்பது இளமை. எந்தக் கை வலம், எந்தக் கை இடம் என்று ஒரு கணம் மறந்து நிற்பது பேதைமை. கற்பித்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதே மடன் என்று உரைகாரர் விளக்குவர். மாஸ்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் ஒருவர் மட்டும் கையைச் சுழற்றிக்கொண்டே இருப்பாரே, அவரைக் கண்டு எழும் சிரிப்பு அத்தகையது. இம்மூன்றிலும் சிரிப்பவர், சிரிக்கப்படுபவர் இருவரும் ஒரே விரிப்பில் இருக்கிறார்கள். இன்று அவர், நாளை நாம்.

எள்ளல் அப்படியன்று. பருமனான ஒருவர் குனிய முடியாமல் தவிக்கும்போது, "பூமி ஆடுது, பார்த்து!" என்று ஒரு குரல் எழுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். மறுநாள் அவர் வருவதில்லை. உடற்பயிற்சி யாருக்கு மிகத் தேவையோ அவரையே அந்த ஒரு சொல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சாதியைத் தொட்டும், மொழியைத் தொட்டும், மனைவியரைப் பழித்தும் சொல்லப்படும் துணுக்குகளின் வேலையும் இதுவே. பல மொழி பேசுவோர் கலந்து வாழும் ஆவடி போன்ற ஊரில் இதைக் கூடுதலாகவே எச்சரிக்க வேண்டும். பெண்கள் வகுப்புக்கு வராமல் நின்றுபோனால், அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுமுன், அங்கே என்ன சிரிப்பு சிரிக்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும்.

எனவே ஓர் எளிய அளவுகோல் சொல்கிறேன். ஒரு வகுப்பின் நகைச்சுவை நல்லதா தீயதா என்பதை அன்று எழுந்த சிரிப்பின் ஓசையால் அளக்க வேண்டாம். மறுநாள் யார் யார் வந்தார்கள் என்பதைக் கொண்டு அளப்போம்.

மறுப்போருக்கு விடை

அரட்டைக்கு இடம் கொடுத்தால் பயிற்சி கெடும் என்பார் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது பேசினால் பயிற்சி பாழ்தான். முழங்கால் வலி உள்ளவரையும் நெஞ்சு நோய் உள்ளவரையும் வேடிக்கைக்காக உசுப்பிவிடுவது பெருந்தீங்கு. நான் கேட்பது பயிற்சி நேரத்தில் அரட்டை அன்று. தொடக்கத்தில் ஐந்து நிமிடமும், முடிந்தபின் தேநீர்க் கடை வாசலில் பத்து நிமிடமும் நட்புக்கு உரியவை என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சிரித்துப் பேசிப் பிரிவது நட்பாகுமா என்று கேட்பாரும் உளர். திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் பாடினார். சிரித்து மகிழ்வதோடு நட்பு முடிந்துவிடாது, நெறி தவறும்போது இடித்துரைப்பதே அதன் கடமை என்பது அவர் கருத்து. நல்ல காலை வகுப்பில் இதுவும் நடக்கிறது. "சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டீங்களாமே அண்ணே, யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று தோழர் அதட்டுகிறார். வீட்டார் சொல்லிக் கேளாதவர், விரிப்புத் தோழர் சொன்னால் கேட்கிறார். மருத்துவமனையில் இரவு துணைக்கு ஆள் தேவைப்பட்டால், மாநகரத்தில் உறவினர் வந்து சேர்வதற்குள் காலை வகுப்பினர் வந்து நிற்கிறார்கள். நகையில் தொடங்கியது துணையில் முடிகிறது.

நாம் செய்யத்தக்கவை

தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை வகுத்தது. பாதையை அரசு தரலாம். பக்கத்தில் நடக்கும் துணையை அரசு தர இயலுமா? அதை நாம்தாம் தர வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் தனியே எடை தூக்குகிறோம். தசை வளர்கிறது, மகிழ்ச்சி. ஆனால் நான்கு நாள் நாம் போகாவிட்டால் அந்தக் கண்ணாடி நம்மைத் தேடுமா?

மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கல்லூரித் திடலைக் காலை ஒரு மணி நேரம், உடற்கல்வி இயக்குநரின் மேற்பார்வையில், சுற்றுவட்டாரப் பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் பொதுவாகத் திறந்துவிடலாம். 1969 முதல் இயங்கிவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர்கள், அங்கே முறை வைத்துக் குருதி அழுத்தம் குறித்துக்கொள்வது, வராதவரை வீடு சென்று விசாரிப்பது ஆகிய பணிகளை ஏற்கலாம். மூன்றாவதாக, நம் பேராசிரியப் பெருமக்களும் அந்த வரிசையில் வந்து நிற்க வேண்டும். அவர்கள் விரலும் முழங்காலோடு நிற்கிறதா என்று காணும் ஆவல் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. அதில் எள்ளல் சிறிதும் இராது என்று உறுதி கூறுகிறோம்!

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்றனர் முன்னோர். யாரோடு சேர்ந்து சிரிப்பது என்பதை அவர்கள் தனியே சொல்லவில்லை. கூட்டாக வாழ்ந்த அவர்களுக்கு அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. நமக்கோ தேவை வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு விரிப்போடு வாருங்கள்; தனியே இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அழைத்து வாருங்கள். செவ்வாய்க்கிழமை அவரைக் காணவில்லையென்றால், மறவாமல் கேளுங்கள்.